எந்தத் துப்பாக்கி வாங்கலாம் என்று கேட்கும் தம்பிகளுக்கு

(காஞ்சிபுரத்தில் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் குறித்து நடந்த கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஆம்ஸ்ட்ராங் படுகொலைக்குப் பிறகு நம் கூட்டங்களுக்கு வரும் இளைஞர்கள் ஒரு கேள்வியை அடிக்கடி கேட்கிறார்கள். அரங்கத்தில் கேட்பதில்லை, வெளியே டீக்கடையில் கேட்கிறார்கள். "அண்ணே, இடுப்புல சொருகினா வெளியே தெரியாத மாதிரி, பிளாஸ்டிக் பாடியோட சின்ன பிஸ்டல் வருதே, அதுல எது நல்லது? லைசென்ஸ் எப்படி வாங்கறது?"

இன்று எனக்குக் கொடுத்திருக்கும் தலைப்பு வன்கொடுமைத் தடுப்பு விதிகள். அந்த டீக்கடைக் கேள்விக்கு இந்த விதிகளுக்குள்ளேயே பதில் இருக்கிறது. ஆகவே அந்தக் கேள்வியையே எடுத்துக்கொண்டு பேசுகிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். "ஆயுதம் தவறு தம்பி, அகிம்சையாக இரு" என்று சொல்ல நான் இங்கே வரவில்லை. அடி வாங்குகிறவனுக்கு அகிம்சையைப் போதிப்பது அடிக்கிறவனுக்குச் செய்யும் உதவி. தற்காப்பு உரிமை சட்டத்திலேயே இருக்கிறது. பழைய தண்டனைச் சட்டத்தில் 96 முதல் 106 வரை இருந்தது, இப்போதைய பாரதிய நியாய சன்ஹிதாவில் 34 முதல் 44 வரை இருக்கிறது. அண்ணல் அம்பேத்கர் 1936-இல் 'சாதி ஒழிப்பு' நூலில் ஒரு கேள்வி எழுப்புகிறார். மற்ற நாடுகளில் ஒடுக்கப்பட்ட மக்கள் புரட்சி செய்தார்கள், இந்தியாவில் மட்டும் ஏன் நடக்கவில்லை? அவர் சொல்லும் பதில், நால்வருண முறை அடித்தட்டு மக்கள் கையில் ஆயுதம் இல்லாமல் செய்துவிட்டது என்பதுதான். கல்வி, சொத்து, ஆயுதம் ஆகிய மூன்றையும் பிறப்பின் பெயரால் மறுத்ததுதான் சாதி. எனவே இந்தக் கேள்வியைக் கேட்கும் தம்பி தவறான கேள்வியைக் கேட்கவில்லை. பாதிக் கேள்வியைக் கேட்கிறான். மீதிப் பாதியை நாம் சேர்ந்து கேட்போம்.

பிறப்பு பார்த்து ஆயுதம் கொடுப்பது மனுதர்மக் காலத்துக் கதை என்று நினைக்காதீர்கள். வெள்ளைக்காரன் 1878-இல் ஆயுதச் சட்டம் கொண்டுவந்தான். இந்தியருக்கு உரிமம் வேண்டும், ஐரோப்பியருக்கு விலக்கு. சுதந்திரம் வந்து 1959-இல் புதிய ஆயுதச் சட்டம் வந்தது. ஆனாலும் குடகு மாவட்டத்தில் 'குடகு இனத்தார்' என்ற பிறப்பு அடிப்படையிலும், ஜம்மா நிலம் வைத்திருப்பவர் என்ற நில அடிப்படையிலும் உரிமம் இல்லாமல் துப்பாக்கி வைத்துக்கொள்ளும் விலக்கு இன்றும் தொடர்கிறது. ஒன்றிய அரசு 2019-இல் அதை 2029 வரை நீட்டித்தது. கர்நாடக உயர் நீதிமன்றம் 2021-இல் அது செல்லும் என்றது. அதே குடகில் காப்பித் தோட்டத்தில் கூலி வேலை செய்கிற பழங்குடி மக்களுக்கு அந்த விலக்கு கிடையாது. பிறப்பும் நிலமும் இருந்தால் துப்பாக்கி உண்டு என்பது இந்த நூற்றாண்டிலும் அரசு ஆணையாக இருக்கிறது.

சரி, தம்பியின் கேள்விக்கே வருவோம். அவன் கேட்கிற பிஸ்டல் எது?

ஆஸ்திரியாவில் குளோக் என்றொரு கம்பெனி 1980களின் தொடக்கத்தில் இரும்புச் சட்டத்துக்குப் பதிலாக பாலிமர் சட்டத்தில் ஒரு கைத்துப்பாக்கி செய்தது. 1982-இல் அந்த நாட்டு ராணுவம் அதைத் தேர்ந்தெடுத்தது. 1988-இல் அதையே கொஞ்சம் குட்டையாக்கி குளோக் 19 என்று விட்டார்கள். சினிமாவில் பார்ப்பதும், யூடியூபில் அமெரிக்கர்கள் சட்டைக்குள் மறைத்துக் காட்டுவதும் பெரும்பாலும் இந்தக் குடும்பம்தான். அது 9 எம்.எம். தோட்டா போடும் பிஸ்டல். இந்தியாவில் 9 எம்.எம். என்பது தடை செய்யப்பட்ட ரகம். போலீசும் ராணுவமும் வைத்துக்கொள்ளலாம், சாதாரணக் குடிமகனுக்கு மாவட்ட ஆட்சியர் அதற்கு உரிமம் தர முடியாது. வெளிநாட்டுத் துப்பாக்கியைக் குடிமக்கள் நினைத்தபடி இறக்குமதி செய்யவும் முடியாது. ஆக, வீடியோ பார்த்து ஆசைப்படும் அந்தப் பிஸ்டலைச் சட்டப்படி வாங்க வழியில்லை. வழி இருக்கிறது என்று யாராவது காதோடு காதாகச் சொன்னால், ஆயுதச் சட்டம் 25-ஆம் பிரிவில் சிறைக்குப் போகும் வழியைத்தான் காட்டுகிறான். நம் பையன் மீது எப்போது ஆயுத வழக்குப் போடலாம் என்று காத்திருக்கும் காவல் நிலையத்துக்கு நாமே வேலையை மிச்சப்படுத்த வேண்டாம்.

சட்டப்படி வாங்க முடிவது பெரும்பாலும் .32 ரகம். அரசு படைக்கலத் தொழிற்சாலைகள் இந்த ரகத்தில் ரிவால்வரும் பிஸ்டலும் செய்கின்றன. 2014 ஜனவரியில் கான்பூர் தொழிற்சாலை 'நிர்பீக்' என்று ஒரு ரிவால்வரை வெளியிட்டது. எடை சுமார் 500 கிராம். கைப்பையில் வைத்துக்கொள்ளலாம், பெண்களுக்கான துப்பாக்கி என்று விளம்பரம் செய்தார்கள். டெல்லியில் பாலியல் வன்கொடுமைக்கு ஆளாகி இறந்த பெண்ணின் நினைவாக வைத்த பெயர். அப்போதைய விலை 1 லட்சத்து 22 ஆயிரம் ரூபாய்க்கு மேல். பெண்களின் பாதுகாப்புக்கு அரசு கண்ட வழி இது! பிள்ளையார்பாளையத்தில் தறிக்குழியில் காலைத் தொங்கப்போட்டு நாளெல்லாம் உட்கார்ந்திருக்கிறவர் வீட்டில் அந்தப் பணம் சேர்ந்தாற்போல் என்றைக்கு இருந்திருக்கிறது? தறியில் ஜரிகை இருக்கும், வீட்டில் காசு இருக்காது. இது உங்களுக்கே தெரியும்.

வாங்க முடிந்தவர்களுக்கும் தெரிய வேண்டியது சில இருக்கிறது. மறைத்து வைக்க வசதியான துப்பாக்கி சுடுவதற்கு வசதியானது அல்ல. குழல் குட்டையாக இருந்தால் குறி பார்ப்பது கடினம். எடை குறைந்தால் சுடும்போது கையில் உதைப்பது அதிகம். பிடி சின்னதாக இருந்தால் பெரிய கையில் நிற்காது. ஆகவே சின்னதை வாங்குகிறவன்தான் மற்றவனைவிட அதிகம் பழக வேண்டும். விசையை முழுவதும் மூடுகிற உறை இல்லாமல் இடுப்பில் சொருகினால் முதல் குண்டு அவன் தொடையில்தான் பாயும். வீட்டில் குழந்தை இருந்தால் பூட்டி வைக்க வேண்டும். பூட்டி வைத்தால் அவசரத்துக்குக் கைக்கு வராது. 2016-ஆம் ஆண்டு ஆயுத விதிகளின்படி, வெளியே எடுத்துச் செல்லும் கைத்துப்பாக்கி உறையில், முழுவதும் மூடியபடி இருக்க வேண்டும். எடுத்துக் காட்டி மிரட்டினால் உரிமம் போய்விடும். அதாவது எதிராளி பார்த்துப் பயப்பட வேண்டும் என்று வாங்குகிற பொருளை எதிராளி பார்க்கவே கூடாது என்பது சட்டம்.

இப்போது முக்கியமான கேள்வி. அது காப்பாற்றுமா?

பகுஜன் சமாஜ் கட்சியின் மாநிலத் தலைவர் ஆம்ஸ்ட்ராங் 2024 ஜூலை 5 அன்று மாலை பெரம்பூரில் தன் வீட்டருகே வெட்டிக் கொல்லப்பட்டார். வந்தவர்களில் சிலர் உணவு டெலிவரி ஊழியர் போல உடுத்தி வந்தார்கள். கொலையின் காரணம் குறித்து வழக்கு இருக்கிறது, அதற்குள் நான் போகவில்லை. ஒன்றை மட்டும் கவனியுங்கள். அவர் வழக்கறிஞர். ஊரறிந்த தலைவர். எந்நேரமும் ஆட்கள் சூழ இருந்தவர். அவரிடம் உரிமம் பெற்ற கைத்துப்பாக்கியும் இருந்தது. மக்களவைத் தேர்தலுக்காக ஒப்படைத்த துப்பாக்கியை ஜூன் 13 அன்று அவர் திரும்பப் பெற்றுக்கொண்டார் என்று அப்போதைய சென்னை மாநகரக் காவல் ஆணையரே செய்தியாளர்களிடம் சொன்னார். திரும்பப் பெற்ற 22-ஆம் நாள் அவரைக் கொன்றார்கள். துப்பாக்கி இருந்தும் உயிர் மிஞ்சவில்லை.

அமெரிக்காவில் டூலர் என்ற போலீஸ் பயிற்சியாளர் 1983-இல் ஒன்றை எழுதினார். கத்தியோடு ஒருவன் 21 அடி தூரத்திலிருந்து ஓடிவந்தால் ஏறக்குறைய ஒன்றரை நொடியில் உங்களைத் தொட்டுவிடுவான், உறையிலிருந்து துப்பாக்கியை உருவிச் சுடவும் அதே நேரம்தான் ஆகும் என்றார். இது பயிற்சி பெற்ற போலீஸ்காரருக்கான கணக்கு, வெளியே தெரியும் உறைக்கான கணக்கு, ஒரே ஆளுக்கான கணக்கு. நம் ஊரில் ஒருவனா வருகிறான்? 2016 மார்ச் 13, உடுமலைப்பேட்டை பேருந்து நிலையம் அருகே சங்கரையும் கௌசல்யாவையும் வெட்டியதை நாம் எல்லோரும் கேமரா பதிவில் பார்த்தோம். பின்னாலிருந்து வந்தார்கள், சில நொடிகளில் வெட்டினார்கள், பைக்கில் ஏறிப் போனார்கள். அந்த நொடிகளில் சட்டையைத் தூக்கி எதை உருவுவது?

மேலவளவை எடுத்துக்கொள்ளுங்கள். தனி ஊராட்சி. தலைவராக நின்று வென்றவர் முருகேசன். உயிருக்கு ஆபத்து என்று முன்பே சொன்னார், பாதுகாப்புக் கேட்டார். 1997 ஜூன் 30 அன்று பேருந்தை மறித்து அவரையும் சேர்த்து ஆறு பேரைக் கொன்றார்கள். ஒரு கூட்டமே அரிவாளோடு நின்றது. முருகேசன் இடுப்பில் ஒரு பிஸ்டல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? ஒருவேளை இரண்டு பேர் விழுந்திருப்பார்கள். மறுநாள் செய்தி 'இரு தரப்பு மோதல்' என்று வந்திருக்கும். தண்டனை பெற்றவர்களில் மூன்று பேரை 2008-இல் அண்ணா நூற்றாண்டின் பெயரால் விடுதலை செய்தார்கள். 2019 நவம்பரில் எம்.ஜி.ஆர். நூற்றாண்டின் பெயரால் 13 பேரை விட்டார்கள். அண்ணா பிறந்த ஊரில் நின்றுகொண்டு இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

முருகேசனுக்குத் துப்பாக்கி இல்லாததுதான் குறையா? பாதுகாப்புக் கேட்ட மனுவை வாங்கி வைத்துக்கொண்டு ஒன்றும் செய்யாத அரசுதான் குறை. அந்த அரசு என்ன செய்திருக்க வேண்டும் என்று அப்போதே சட்டத்தில் எழுதியிருந்தது. இங்கேதான் நான் சொல்லவந்த விதிக்கு வருகிறேன்.

வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 1989. அதன் விதிகள் 1995-இல் வந்தன. அதில் 3-ஆம் விதி, வன்கொடுமை நடக்கும் முன்பே அரசு செய்ய வேண்டியவற்றைப் பட்டியல் போடுகிறது. நம் தோழர்களில் பலருக்கு முதல் தகவல் அறிக்கையும் இழப்பீடும் தெரியும். இந்த விதி தெரிவதில்லை. ஏனென்றால் ஏறக்குறைய எல்லாமே பிணம் விழுந்த பிறகுதான் நமக்குச் சொல்லப்படுகிறது.

விதி என்ன சொல்கிறது? வன்கொடுமை நடக்கலாம் என்று நம்பக் காரணம் உள்ள பகுதியை, மீண்டும் நடக்கலாம் என்ற அச்சம் உள்ள பகுதியை, அரசு முதலில் அடையாளம் காண வேண்டும். ஆட்சியரும் காவல் கண்காணிப்பாளரும் அங்கே நேரில் போக வேண்டும். அடுத்ததாக, தேவைப்பட்டால் அந்தப் பகுதியில் பட்டியல் சாதியினரோ பழங்குடியினரோ அல்லாதவர்களின் ஆயுத உரிமங்களை ரத்து செய்ய வேண்டும். அவர்களுடைய நெருங்கிய உறவினர், வேலையாட்கள், குடும்ப நண்பர்கள் உரிமங்களையும் ரத்து செய்து, ஆயுதங்களை அரசுக் கிடங்கில் வைக்க வேண்டும். அதற்கடுத்து, சட்டவிரோதத் துப்பாக்கிகளைப் பறிமுதல் செய்ய வேண்டும், அவற்றைச் செய்வதையும் தடுக்க வேண்டும். அதன் பிறகுதான் இது வருகிறது: உயிருக்கும் உடைமைக்கும் பாதுகாப்பாக, தேவைப்பட்டால், பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் ஆயுத உரிமம் வழங்கலாம்.

இந்த வரிசையைப் பாருங்கள் தோழர்களே. முதலில் அவனிடமிருந்து எடு, கள்ளத் துப்பாக்கியைப் பிடி, பிறகு தேவையானால் இவனுக்குக் கொடு. டீக்கடையில் தம்பி கேட்டது கடைசி வரியை மட்டும். முதல் வரிகளை யார் கேட்பது?

ஏன் வரிசை முக்கியம்? 1968 டிசம்பர் 25, கீழ்வெண்மணிக்குப் பண்ணையார் ஆட்கள் துப்பாக்கியோடுதான் வந்தார்கள். துப்பாக்கிக்குப் பயந்து ஓடி ஒரு குடிசைக்குள் ஒளிந்தவர்கள்தான் 44 பேராக எரிந்தார்கள். நிலம் இருக்கிறவனுக்குப் பயிர்ப் பாதுகாப்பு என்று உரிமம் கிடைக்கும், வியாபாரிக்குப் பணப் பாதுகாப்பு என்று கிடைக்கும். சேரியில் இருப்பவன் உயிர்ப் பாதுகாப்பு என்று கேட்டால் "உனக்கு என்ன ஆபத்து?" என்று ஆய்வாளர் கேட்பார். 'எல்லோருக்கும் துப்பாக்கி உரிமை' என்று கதவைத் திறந்தால் யார் முதலில் நுழைவார்கள்? பணமும் நிலமும் காவல் நிலையத்தில் நாற்காலியும் இருக்கிறவர்கள். நம் பக்கம் ஒன்று வந்தால் ஊர்த்தெருவில் பத்து வரும். சாதி கடந்து காதலித்த பெண்ணை வெட்டுவது பெரும்பாலும் அவள் வீட்டார்தான் என்பதை மறக்க வேண்டாம். அந்த வீட்டுப் பரணில் இன்னொரு துப்பாக்கி ஏறினால் அது யாரை நோக்கித் திரும்பும்?

இது நம் நாட்டில் மட்டும் நடப்பதும் அல்ல. 1956-இல் மாண்ட்கோமரியில் மார்ட்டின் லூதர் கிங்கின் வீட்டில் குண்டு வீசினார்கள். அதன் பிறகு அவர் துப்பாக்கியை மறைத்து எடுத்துச் செல்ல அனுமதி கேட்டு விண்ணப்பித்தார். உள்ளூர் அதிகாரிகள் மறுத்துவிட்டார்கள். வீட்டில் குண்டு விழுந்தவருக்கே ஆபத்து இருப்பதாக அவர்கள் ஏற்கவில்லை. 1967-இல் கருஞ்சிறுத்தைகள் கலிபோர்னியாவில் வெளிப்படையாகத் துப்பாக்கி ஏந்தி நின்றபோது, அதைத் தடுக்க அவசரமாகச் சட்டம் வந்தது. கையெழுத்துப் போட்டவர் ஆளுநர் ரீகன். துப்பாக்கி உரிமையை உயிராகப் பேசும் நாட்டிலேயே அந்த உரிமைக்கு நிறம் இருந்தது.

நம் ஆயுதச் சட்டத்தின் 14-ஆம் பிரிவு, போதிய சொத்து இல்லை என்ற காரணத்துக்காக மட்டும் உரிமத்தை மறுக்கக் கூடாது என்கிறது. நல்ல வரிதான். ஆனால் 9-ஆம் பிரிவைப் பாருங்கள். அமைதி காப்பதற்காகப் பிணைப் பத்திரம் எழுதிக் கொடுக்க உத்தரவிடப்பட்டவர் அந்தப் பிணைக் காலம் முழுவதும் ஆயுதம் வைத்திருக்கக் கூடாது. ஊரில் தேர் வரும், தகராறு வரும், போலீஸ் என்ன செய்யும்? அடித்தவன் மீதும் அடிபட்டவன் மீதும் சமமாக '107' போடும். இப்போது அது புதிய சட்டத்தில் 126. அந்தக் கையெழுத்தோடு அடிபட்டவனின் தகுதியும் போய்விடுகிறது. 'இரு தரப்பு' என்று எழுதுகிற பேனாவுக்கு இவ்வளவு பலம் இருக்கிறது. ஆகவே அடிபட்ட நம் ஆட்கள் மீது பிணை வழக்குப் போடும்போது "சும்மா கையெழுத்துத்தானே" என்று போட்டுவிட்டு வராதீர்கள். வழக்கறிஞரை வைத்து எதிர்த்து நில்லுங்கள்.

'முன்கூட்டியே எப்படிக் கண்டுபிடிப்பது, முன்கூட்டியே எப்படிப் போலீஸ் போடுவது' என்று அதிகாரிகள் கேட்பார்கள். காஞ்சிபுரத்தில் இருந்துகொண்டு இந்தக் கேள்வியைக் கேட்கவே கூடாது. வரதராஜப் பெருமாள் கோயிலில் வடகலையா தென்கலையா, யார் எதைப் பாடுவது என்று நூறாண்டுக்கும் மேலாக வழக்காடிக்கொண்டிருக்கிறார்கள். உற்சவத்தில் தள்ளுமுள்ளு வருமோ என்று போலீஸ் வந்து நடுவில் நிற்கிறது. பாட்டு யார் பாடுவது என்ற சண்டையில் ஒருவர் மூக்கு உடையலாம் என்ற அச்சத்துக்கு அரசு முன்கூட்டியே வருகிறது. ஆக, வர முடியும். சேரிக்கும் அப்படி வா என்பதுதான் 3-ஆம் விதி.

எனவே தம்பிகளுக்கு என் பதில் இதுதான். துப்பாக்கியை விசாரிக்கச் செலவிடும் நேரத்தில் நான்கு வேலைகள் செய்யுங்கள்.

முதல் வேலை, ஒரு தகவல் உரிமை மனு. மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக்கு எழுதுங்கள். 3-ஆம் விதியின்படி இந்த மாவட்டத்தில் அடையாளம் காணப்பட்ட பகுதிகள் எவை? அந்தப் பகுதிகளில் எத்தனை ஆயுத உரிமங்கள் நடப்பில் உள்ளன? இந்த விதியின்படி எத்தனை ரத்து செய்யப்பட்டன? பட்டியல் சாதியினர் எத்தனை பேர் விண்ணப்பித்தார்கள், எத்தனை பேருக்குக் கொடுத்தீர்கள்? பெயர் கேட்க வேண்டாம், எண்ணிக்கை கேளுங்கள். பதில் 'இல்லை' என்று வந்தாலும் அது நமக்கு ஆவணம்.

இரண்டாவது, 17-ஆம் விதியின்படி ஆட்சியர் தலைமையில் மாவட்ட விழிப்பு மற்றும் கண்காணிப்புக் குழு உண்டு. மூன்று மாதத்துக்கு ஒரு முறையாவது அது கூட வேண்டும். கூடுகிறதா என்று கேளுங்கள். கூடினால் இந்தப் பட்டியலை அங்கே வைக்கச் சொல்லுங்கள்.

மூன்றாவது, உண்மையாகவே உயிருக்கு ஆபத்து உள்ளவர்கள் இருக்கிறார்கள். சாதி கடந்து திருமணம் செய்தவர்கள், தனித் தொகுதி ஊராட்சித் தலைவர்கள், வழக்கில் சாட்சி சொல்லப் போகிறவர்கள். அவர்கள் வாய்மொழியாகக் கேட்கக் கூடாது. 15அ பிரிவின்படி பாதுகாப்புக் கேட்டு எழுத்தில் கொடுங்கள், ஒப்புகை வாங்குங்கள். அவர்கள் ஆயுத உரிமம் கேட்க விரும்பினால் 3-ஆம் விதியைக் குறிப்பிட்டுக் கேட்கட்டும். மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். காரணத்தைப் பதிவு செய்ய வேண்டியது சட்டப்படி அவர்கள் கடமை. ஆயுதச் சட்டத்தின் 18-ஆம் பிரிவில் மேல்முறையீடும் உண்டு. ஆபத்து இருக்கிறது என்று நாம் எழுதிக் கொடுத்த தேதியும், அவர்கள் மறுத்த தேதியும் கோப்பில் இருக்க வேண்டும். கடமையை வேண்டுமென்றே செய்யாத அரசு ஊழியரைத் தண்டிக்க வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 4-ஆம் பிரிவு இருக்கிறது.

நான்காவது, யாரையும் தனியாக விடாதீர்கள். மிரட்டல் வந்த வீட்டுக்கு அன்று இரவே பத்துப் பேர் போங்கள். நீதிமன்றத்துக்குச் சாட்சி போகும் நாளில் வண்டி நிறையப் போங்கள். இடுப்பில் மறைத்த துப்பாக்கி எதிராளிக்குத் தெரியாது. கூட நிற்கிற ஐம்பது பேர் தெரிவார்கள். கோர்வைச் சேலை நெய்ய ஒற்றை ஆள் போதாது, ஓரத்து நாடாவைத் தள்ள பக்கத்தில் இன்னொரு கை வேண்டும் என்பது இந்த ஊரில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை.

கூட்டம் முடிந்ததும் யாரும் உடனே கிளம்பிவிடாதீர்கள். தகவல் உரிமை மனுவின் மாதிரி பின்வரிசை மேசையில் இருக்கிறது. 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லையும் வாங்கி வைத்திருக்கிறோம். ஒவ்வொரு ஒன்றியத்திலிருந்தும் ஒருவராவது கையெழுத்துப் போட்டு இன்றே எடுத்துக்கொண்டு போங்கள். முப்பது நாளில் பதில் வர வேண்டும். வந்த பதில்களை எடுத்துக்கொண்டு இதே இடத்தில் மறுபடியும் உட்காருவோம்.